தடவிப் பாருங்கள்

பழைய மோட்டார் வண்டியின் துருவோடு யுத்தம் நடத்தும் மகானுபாவர் வீட்டுக்கு நீங்கள் என்ன காரியமாகப் போனாலும் சரி, கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தாலும், துக்கம் விசாரிக்கப் போயிருந்தாலும், உங்கள் வலது உள்ளங்கையைச் சிறிது நேரம் அவரிடம் ஒப்படைக்காமல் திரும்பி வர முடியாது. "வாருங்கள்" என்பார், "உட்காருங்கள்" என்று மட்டும் சொல்லமாட்டார். நேரே கொட்டகைக்கு அழைத்துப் போய், மணிக்கட்டைப் பற்றி, முன் மட்கார்டின் மேல் உங்கள் கையை வைத்து, "கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்" என்பார். கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது அவருடைய சித்தாந்தம்.

தடவுவதற்கும் சாஸ்திரம் உண்டு. விரல் நுனியால் தொடுவது அபசாரம். உள்ளங்கை முழுவதும் தகட்டில் படியவேண்டும். குறுக்கே போகக்கூடாது, வண்டியின் நீளவாக்கில், பரபரப்பில்லாமல் போகவேண்டும். வெறும் கை வியர்வையில் ஒட்டிக்கொள்ளுமாதலால், தோளில் கிடக்கும் மல் துண்டை எடுத்து நடுவில் விரித்துக் கொடுப்பார். துணியின் மேல் கை வழுக்கிக்கொண்டு போகும்போது காகிதக் கனத்து மேடுகூடத் தப்பாது என்பார். அது வாஸ்தவமும்கூட. ஆனால் கேட்கப்போன கைமாற்றுத் தொகை நெஞ்சிலும், அவருடைய துண்டு உள்ளங்கையிலுமாக நிற்கிறவனுக்கு அந்த வாஸ்தவத்தினால் என்ன பிரயோஜனம்?

விடை சொல்வது அதைவிடக் கஷ்டம். "பிரமாதம்" என்றீர்களானால், நீங்கள் சரியாகத் தடவவில்லை. "லேசாக மேடு தட்டுகிறது" என்றீர்களானால், அவர் முகம் வாடும். வாடிய அதே க்ஷணத்தில் பிரகாசிக்கும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். நேற்று வந்தவர் மேடு என்று சொன்ன இடத்தை இன்று வந்தவர் பள்ளம் என்கிறாராதலால், தேய்த்த இடத்தில் மறுபடியும் பட்டி பூசப்படும். பூசிய பட்டி காய்ந்ததும் நாளைக்கு வருகிறவர் அதை மேடு என்பார். வீட்டு வரி வசூலிக்க வந்தவர் தடவியிருக்கிறார். ஸிலிண்டர் கொண்டுவந்த பையன் தடவியிருக்கிறான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும், சொஜ்ஜித் தட்டு வருவதற்கு முன்பே, கொட்டகைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கண்ணை மூடித் தடவி, டிக்கிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருப்பதாகக் கூசாமல் சொன்னானாம். சம்பந்தம் அப்போதே நிச்சயமாகிவிட்டது என்று கேள்வி.

நான் குறிப்பாக எவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. இந்த வர்க்கத்தாரில் அம்பாஸடர் வைத்திருப்பவரும் உண்டு, பத்மினி வைத்திருப்பவரும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது இளநீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது தற்செயல். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் உருவம் வகுத்து, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்ற நாமகரணத்தோடு தயாரான அந்த வண்டிக்கு அடிச்சட்டம் தனி, மேலுடல் தனி. மேலுடலும் பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்தே முன்பக்கம் சாய்ந்துவிடும். எந்தப் பகுதியையும் கழற்றிப் பழுது பார்க்கலாம் என்பது அதன் பெருமை. எந்த இணைப்பிலும் தண்ணீர் தங்கித் துருவேறலாம் என்பது அதன் பூர்வ கர்மம்.

துருவோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பதார்த்தம். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் துவாரங்கள் புழுதியால் அடைபட்டு, உள்ளே தேங்கிய ஈரத்தோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டால், ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகடு உட்புறத்திலிருந்தே கரைந்து வரும். வெளியே தெரிவதெல்லாம் பெயின்டில் மிளகளவு குமிழ் ஒன்றுதான். சாதாரண மனிதன் அதைப் பார்த்துவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடுவான். இவர் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பார். அது உள்ளே போய்விடும். சுற்றிலும் சுரண்டுவார், அந்தி சாய்வதற்குள் கதவின் கீழ்ப்பாகம் முழுவதும் செந்தூளாகத் தரையில் கிடக்கும். அவர் வீட்டு அம்மாளின் பெருமூச்சு எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

துருவின் மேலேயே பட்டியை அப்பிப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிற பட்டறைக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இவருக்குக் குரல் நடுங்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறியவேண்டும். புதுத் தகட்டை அளவாக நறுக்கி வைத்து, ஒரே வீச்சில் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடுமாதலால், இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக வைத்து ஆறவிடவேண்டும். ரெட் ஆக்ஸைடுக்குப் பிறகுதான் பட்டி, அதுவும் பூசினோம் என்று பேருக்கு. பட்டி ஈரத்தைக் குடிக்கும், அடியில் துரு இருந்தால் அடுத்த ஐப்பசிக்குள் குமிழாகத் திரும்பிவரும் என்பார். அத்தனையும் நியாயம். நியாயமாக இருப்பதுதான் சகிக்கவில்லை.

இவர் தர்க்கம் செய்யாமல் பணிகிற மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. புதுப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற டிங்கர் பெரியவர் அவர். பெயின்ட் அடிக்கும் பையன், கறுப்புப் பூச்சைப் புகைபோலத் தூவித் தேய்த்து, கறுப்பு எஞ்சிய இடம் பள்ளம், போன இடம் மேடு என்று பிரத்யக்ஷமாக நிரூபித்தாலும் ஏற்காத நம்மவர், பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, ஒரே ஒரு தரம் கையை ஓட்டிவிட்டு, "இங்க கால் நூல் எறக்கம், ஸார்" என்றால் பரம சிஷ்யராகத் தலையாட்டுவார். தகட்டின் உட்புறம் இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியே பெரியவர் தட்டுகிற தட்டில் அந்த இறக்கம் மறையும். பிறகு இருவரும் கவிழ்த்த பெயின்ட் டப்பாக்களின் மேல் உட்கார்ந்து தேநீர் அருந்துவார்கள். பெரியவரின் மகன் ஏதோ ஒரு பெரிய கம்பெனிப் பட்டறையில் இருக்கிறானாம். அங்கே அடிபட்ட கதவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கதவு மாட்டுவார்களே தவிர, தட்டுவதே இல்லையாம். "அப்ப கைக்கு என்ன வேலை?" என்று பெரியவர் கேட்பார். நம்மவர் பதில் சொல்லமாட்டார். அந்த வேளைகளில் எனக்கு அவரிடம் கோபம் வருவதில்லை.

மற்ற வேளைகளில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரைண்டர் அலறுகிறது. தின்னர் நெடி ரசத்தில் ஏறுகிறது. பட்டித் தூள் கொடியில் உலரும் வேட்டிகளிலெல்லாம் படிகிறது, தட்டினால் போவதில்லை. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் இந்த வண்டி திரும்பிவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்; அது ஓர் அடி நகர்ந்து நான் பார்த்ததில்லை. மழையில் எடுத்தால் ஈரம், வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் வெளுக்கும், மார்கழியில் பனி. என் தாயாருக்கு நடுராத்திரியில் மூச்சுத் திணறியபோது, தூறலைக் காரணம் காட்டி ஆட்டோவைத்தான் கூப்பிட்டார். அவரே ஓடிப்போய், நனைந்துகொண்டு கூப்பிட்டு வந்தார் என்பதையும் சொல்லவேண்டும்; இருந்தாலும், வண்டி என்று ஒன்று வீட்டில் எதற்கு?

இப்போது திண்டிவனம் பக்கம் ஒரு தோப்பில் இன்னொரு ஹெரால்டு கிடக்கிறதாம். கதவுகள் கெட்டியாக இருக்கின்றனவாம். உதிரிப் பாகங்களுக்காக அதையும் வாங்கிவிட்டார். கொட்டகையில் இடம் போதாது, உங்கள் மாமரத்தடி காலியாகத்தானே இருக்கிறது என்கிறார். காலியாக இல்லை. போன தை மாதத்திலிருந்து அங்கே இவருடைய பழைய பானெட் சாய்த்து வைத்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளச் சொல்லத்தான் நான் அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.