கரண்டியின் வயது என்ன?

கேள்வி: அமெரிக்காவில் பழைய சாமான் சந்தையில் வாங்கிய கரண்டியின் பின்புறம் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்று முத்திரை இருக்கிறது. அவ்வளவு பழையதா?

பதில்: அது கரண்டியின் பிறந்த வருடம் அல்ல, கம்பெனியின் ஜாதகம்! கனெக்டிகட் மாநிலத்தின் ரோஜர்ஸ் சகோதரர்கள் மின்முலாம் பூசிய கரண்டித் தொழிலில் இறங்கிய ஆண்டு 1847. 1862-ல் அந்தப் பெயர் மெரிடன் பிரிட்டானியா கம்பெனிக்குப் போனது. 1898-ல் உருவான இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனியும் இருபதாம் நூற்றாண்டில் அதே 1847-ஐப் பொறித்துக்கொண்டிருந்தது. வயதைக் காம்பின் வேலைப்பாட்டிடம் கேளுங்கள், அது பொய் சொல்லாது. திராட்சைக் குலை தொங்கினால் அது ‘விண்டேஜ்’ டிசைன், வெளிவந்தது 1904-ல்.

‘குவாட்ருபிள் பிளேட்’ என்று பார்த்து மயங்க வேண்டாம். முலாம்தான் கனம், உள்ளே வேறு உலோகம். முழு வெள்ளி என்றால் ‘ஸ்டெர்லிங்’ என்றிருக்கும்.

அதே சந்தையில் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டு கிடைத்தால் கழுகு முத்திரையைத் தேடுங்கள். சுதந்திரம் பெற்ற பிறகு அமெரிக்கக் கைவினைஞர்கள் பலர் ஆசையாகப் பொறித்த சின்னம் அது. முத்திரை மங்கலாக இருக்கிறதே என்று புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பியூட்டர் மிருதுவானது, கறையோடு கழுகும் பறந்துவிடும்.