வொய்-வொய் அண்ணன்

சுங்குவார்சத்திரத்தில் கேட்டாலும் சரி, வல்லத்தில் கேட்டாலும் சரி, மாத்தூர் தாண்டி ஒரகடத்தில் கேட்டாலும் சரி, “கம்ப்யூட்டர் பார்க்கிற அண்ணன் ரூம் எது?” என்றால் யாராவது ஒரு மாடிப்படியைக் கை காட்டுவார்கள். சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. டீக்கடை, பரோட்டா கடை, லேடீஸ் ஹாஸ்டல், இவர்: இவ்வளவும் இருந்தால்தான் அந்தத் தெருவுக்கு வாடகைக்கு ஆள் வரும்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சொந்த ஊர் விருத்தாசலம் பக்கமோ செய்யாறு பக்கமோ. வார விடுமுறையிலும் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பேச்சில் ‘என்.ஜி.’ என்று அடிக்கடி வரும். கொரியாக்காரனும் ஜப்பான்காரனும் தேறாத சரக்குக்கு வைத்த பெயர் அது. அண்ணன் அதைப் புளித்த மாவுக்கும் சொல்வார், மச்சினனுக்குப் பார்த்த வரனுக்கும் சொல்வார்.

இவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று முடிவு செய்தது ஊர்தான். அவரைக் கேட்கவில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ உருண்டு வெளியே வந்தபோது, அங்கே கேன்டீனில் சாம்பார் ஊற்றியவரைக்கூட வழிமறித்து, “வண்டில ஒரு சத்தம் வருது, இன்னான்னு பாரேன்” என்று கேட்டிருக்கக்கூடிய ஊர் இது. 2006-ல் நோக்கியா வந்தது. அந்த பஸ்ஸில் ஏறி இறங்கியவர் கையிலெல்லாம் செத்த செல்போனைத் திணித்தார்கள். அடுத்த வருஷம் டெல் வந்து கம்ப்யூட்டரே இங்கே தயாராக ஆரம்பித்தது. அப்புறம் கேட்பானேன்? எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறவர் எல்லாரும் கம்ப்யூட்டர் இன்ஜினீயர்தான்.

அண்ணனின் அசல் வேலை லைனில் ஒரு ஸ்டேஷன். ஒரு போர்டு வரும், அதன் மூலையில் இருக்கும் கனெக்டரை அழுத்துவார், போய்விடும், அடுத்தது வரும். அது எந்தப் பெட்டிக்குள் போகிறது, யார் வீட்டு மேஜையில் உட்காருகிறது என்பதை அவர் பார்த்ததே கிடையாது. தலை முதல் கால் வரை திறந்து பார்க்க அவருக்குக் கிடைப்பவை இந்தத் தெருவின் கிழட்டுக் கம்ப்யூட்டர்கள்தான். அதனால்தான் காசு வாங்க மாட்டார் என்பது என் கணிப்பு. காசு வாங்கினால் சீக்கிரம் முடித்துத் தர வேண்டியிருக்குமே.

2011-ல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளும் அவரிடம் வரும். கீல் உடைந்து, சார்ஜர் முனை ஆடிப்போய் வரும். பார்ப்பார், ஆனால் அவற்றின் மேல் அவருக்குப் பெரிய பிரியம் இல்லை. ஆள் பாதி உள்ளே போய் உட்காரலாம்போல் இருக்கிற பெரிய டவர் கேபினெட் வந்தால்தான் முகம் மலரும். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் குரல் கம்மும். 2014 அவருக்கு ஆகாத வருஷம். ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைகழுவியது, நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை நின்றது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

பட்டப்பெயர் வந்த கதைக்கு வருவோம். நின்றுபோன மெஷினைப் பார்த்து ஐந்து முறை ‘ஏன்’ கேள் என்பது டொயோட்டாக்காரர்களின் வேதம். தைச்சி ஓனோ 1978-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மெஷின் ஏன் நின்றது? ஓவர்லோடாகி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் ஓவர்லோடு? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் அச்சு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போய்விட்டது. ஆக, ஃபியூஸை மாற்றிவிட்டுப் போனால் மறுபடி நிற்கும், வடிகட்டி போட்டால்தான் தீரும். இந்தப் பக்கத்து ஆலைகளில் இதற்கு வொய்-வொய் என்று பெயர். ட்ரெய்னிங் ஹாலில் படம் போட்டுச் சொல்லித்தருவார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டு டீ பிரேக்குக்குப் போனார்கள். அண்ணன் மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் குடியிருக்கும் வீட்டு ஓனரம்மாவிடம் ஒரு பென்டியம் ஃபோர் இருக்கிறது. சிப்காட்டுக்கு நிலம் போனபோது வந்த பணத்தில் பெரும்பகுதி மாடி ரூம்களாயிற்று, மிச்சத்தில் ஒரு பைக், ஒரு கம்ப்யூட்டர். மகன் படிப்பதற்காக வாங்கியது. அவன் படித்து முடித்துப் பெங்களூருக்குப் போகும்போது அம்மாவுக்கு எக்ஸெல்லில் வாடகைக் கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். எந்த ரூம், என்றைக்குக் குடிவந்தார்கள், மாசம் எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். இன்றைய தேதியை வைத்துப் பாக்கியை அதுவே கணக்குப் போட்டுக் காட்டிவிடும். வேறு யார் சொல்லும் கணக்கையும் ஓனரம்மா நம்ப மாட்டார், வீட்டுக்காரர் சொல்வது உட்பட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது எழுந்திருக்கவில்லை.

“இன்னா தம்பி, லைட் எரியுது, ஃபேன் ஓடுது, படம் மட்டும் வர்ல. உள்ள யாரோ கூவுறாங்கோ.”

அண்ணன் கண்ணை மூடிக் காது கொடுத்தார். பீஈஈப். இடைவெளி. பீஈஈப். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. இப்படி நீளமாக விட்டு விட்டுக் கூவினால் ரேம். ரிச்சி ஸ்ட்ரீட் கடைப்பையனாக இருந்தால் ரேமைக் கழற்றி, துடைத்து, மாட்டி, கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் போயிருப்பான். அண்ணன் அப்படியெல்லாம் செய்து லைனின் மானத்தை வாங்க மாட்டார்.

முதலில் ஃபைவ் எஸ். மேஜைமேல் இருந்த பஞ்சாங்கம், கேஸ் புக், மாத்திரை டப்பா, உடைந்த ரிமோட் எல்லாம் இறங்கின. ரிமோட்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி என்.ஜி. என்று எழுதினார். அடுத்து ஸ்டேட்டிக். நம் கையில் மின்சாரம் ஏறியிருப்பது நமக்கு உறைக்க வேண்டுமென்றால் சுமார் 3,000 வோல்ட் வேண்டும், சிப்புக்கு நூறுகூட வேண்டாம் என்று விளக்கிவிட்டு, ஜன்னல் கம்பியைத் தொட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். ஓனரம்மா என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார். ஈரக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டுகிற ஊரில் ஸ்டேட்டிக் எங்கே ஏறப்போகிறது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பக்கத்து மூடியைத் திறந்தார். தூசி, எலும்புக்கூடாகிப்போன ஒரு பல்லி, இரண்டு பல்லி முட்டை ஓடு. கழற்றிய ஸ்க்ரூக்களை டிபன் பாக்ஸ் மூடியில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். எஸ்.எம்.பி.எஸ். மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தாலும் அதைத் தனியாக உருவி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் யூ-பின்னால் இணைத்து, விசிறி சுற்றுவதைக் காட்டினார். ஓனரம்மாவின் பேத்தி கைதட்டினாள். அதற்காகத்தான் அதைச் செய்தார்.

ரேம் வெளியே வந்தது. அதன் பொன்னிறப் பற்களைத் தேய்க்க ரப்பர் வேண்டும். பேத்தியின் பென்சில் பாக்ஸில் ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர் ஒன்று இருந்தது. கொடுக்க மாட்டேன் என்றாள். பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் ஒரு ஃபைவ் ஸ்டாருக்கு ஒப்பந்தமாகி, அவளே பிடித்துக்கொண்டு தேய்க்கலாம் என்று முடிவாயிற்று. தேய்த்ததில் பல் பளிச்சென்று ஆனது. மாட்டும்போது அண்ணன் அதன் அடியில் இருந்த வெட்டைக் காட்டினார். அது நட்டநடுவில் இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். திருப்பி மாட்டப் பார்த்தால் உட்காரவே உட்காராது. “இதுக்குப் பேர் போக்கா-யோக்கே. நாம நெனச்சாக்கூடத் தப்பு பண்ண முடியாது, பாப்பா.”

மாட்டினார். ஆனால் பவர் பட்டனை அழுத்தவில்லை. வொய்-வொய் பாக்கி இருந்தது. பேத்தியின் ரஃப் நோட்டில் பேத்தியே எழுதினாள்.

ஏன் படம் வரவில்லை? ரேம் தொடர்பு விட்டுப்போயிற்று. ஏன்? பல்லில் அழுக்குப் படிந்தது. ஏன் படிந்தது? தூசியும் ஈரமும். ஏரிப் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் பெட்டி இருக்கிறது. ஏன் ஜன்னல் ஓரத்தில் வைத்தீர்கள்?

“அந்தாண்ட செவுத்துல பீரோ இருக்குதே.”

“பீரோ ஏன்க்கா அங்க இருக்கு?”

“கன்னி மூலைல வெச்சா துட்டு தங்கும்னு ஜோசியர் சொன்னாரு.”

அண்ணன் பேனாவை வாங்கிக் கடைசி வரியை அடிக்கோடிட்டார். மூல காரணம்: வாஸ்து. ஓனோவுக்கு இப்படியொரு விடை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். காரணம் கிடைத்துவிட்டால் அடுத்தது திருத்த நடவடிக்கை. ஓனரம்மாவின் வீட்டுக்காரரும் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் எழுப்பப்பட்டார்கள். பீரோ நகர்ந்தது. “துட்டு போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்” என்று ஓனரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். காலியான இடத்துக்குக் கம்ப்யூட்டர் மேஜை போயிற்று. எல்லாரும் சுற்றி நின்றார்கள். அண்ணன் பட்டனை அழுத்தினார்.

பீஈஈப். இடைவெளி. பீஈஈப்.

அந்த நேரத்தில் மூன்றாம் நம்பர் ரூம் பெண், தலைமுடி ஈரம் காயாமல், ஐடி கார்டும் தண்ணீர் பாட்டிலுமாக மதிய ஷிஃப்ட் பஸ்ஸுக்குப் போக அந்த வழியாக இறங்கினாள். கம்பெனியில் அவளுக்கு வேலை போர்டு பார்ப்பது. வளைய விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வரும் போர்டுகளில் எது சாய்ந்திருக்கிறது, எது தூக்கியிருக்கிறது, எதில் ஈயம் வழிந்திருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பாள். இந்தப் பகுதியின் எலக்ட்ரானிக்ஸ் லைன்களில் பெரும்பாலும் இவளைப் போன்ற பெண்கள்தான். அவர்களில் ஒருத்தியையாவது எந்த வீட்டிலும் கூப்பிட்டு “கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாரும்மா” என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, ரைட் சைடு லாக் விழல.”

அண்ணன் குனிந்தார். ரேமின் வலது பக்க வெள்ளைக் கொக்கி அரை விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். டக். போக்கா-யோக்கேயைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஒற்றைக் குட்டை பீப். படம் வந்தது. கறுப்புத் திரையில் ஏதோ செக்சம் எரர், எஃப்-ஒன் அழுத்து என்று கேட்டது. அழுத்தினார். எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்ததும் பேத்தி மறுபடி கைதட்டினாள். ஓனரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக வாடகைக் கணக்கைத் திறந்தார். திறந்தவர் அசையவில்லை.

“தம்பி, எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கோடு போட்டுருக்குது. உன் பேருக்கு நேரா மைனஸ் எட்டு லட்சத்துச் சொச்சம்னு இருக்குது. நான் உனக்குத் தரணுமா?”

மூலையில் தேதி 2002 ஜனவரி 1 என்று இருந்தது. மதர்போர்டில் இருக்கும் மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்தால் கம்ப்யூட்டர் தேதியை மறந்து, தான் பிறந்த காலத்துக்குப் போய்விடும். அண்ணன் குடிவந்தது 2019-ல். வருவதற்குப் பதினேழு வருஷம் முன்பே அவர் பெயரில் வாடகை வரவாகிக்கொண்டிருப்பதாக எக்ஸெல் எடுத்துக்கொண்டுவிட்டது. மற்ற நாளாக இருந்தால் இதை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார், நோட்டில் படமும் போடுவார். அன்றைக்கு, “அதெல்லாம் சின்ன விஷயம்க்கா. அடுத்த மாசம் ரிச்சி ஸ்ட்ரீட் போறப்ப பாத்துக்கலாம்” என்றார்.

“சி.ஆர். 2032-ண்ணா,” என்றாள் வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள். “அண்ணாச்சி கடையிலயே இருக்கும்.”

“காசு கணக்கா வட்டமா இருக்குமே, அதுவா?” ஓனரம்மா எழுந்து, புது இடத்துக்குப் போயிருந்த பீரோவைத் திறந்தார். “எடை பாக்குற மெஷினுக்குன்னு ரெண்டு வாங்கினேன். ஒண்ணு மிச்சம் இருக்குது.”

பெட்டியை அணைத்து, பழையதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, புதியதை வைத்து, மறுபடி போட்டு, டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே நீலத்திரைக்குள் போனார் அண்ணன். வருஷத்தின் மேல் கர்சரை வைத்து பேஜ்-அப்பை அழுத்த ஆரம்பித்தார். 2003. 2004. லைனில் அவ்வளவு மெதுவாகக் கை ஓடினால் சூப்பர்வைசர் வந்து நின்றிருப்பார். 2011. 2012. ஓனரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். 2018. 2019.

“இது போதும்லக்கா?”

“அழுத்து தம்பி.”