பழைய ஜாய்ஸ்டிக்கின் விலகல்: கொடைக்கானல் வட்டாரத்தை முன்வைத்து

கை வைக்காமலே திரையில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அது ஜாய்ஸ்டிக் விலகல். இது இரு வகைத்து: இடவிலகல், வலவிலகல். மேல் கீழ் விலகல்களையும் இவற்றுள் அடக்குவாருமுளர்.

காரணம் எளிது. பிடியின் அடியில் அச்சுக்கு ஒன்றாக இரண்டு பாட், அதாவது மாறு மின்தடை. ஒவ்வொன்றிலும் கார்பன் தடத்தின் மேல் வைப்பர் ஊர்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கேம் அடாப்டர், அந்த மின்தடையைக் கெபாசிட்டர் ஏறும் நேரமாக அளந்தது. பிடி நடுவில் நின்றால் 50 கிலோ ஓம், ஏறக்குறைய 574 மைக்ரோவினாடி. தூசு படிந்தாலோ தடம் தேய்ந்தாலோ நேரம் மாறும்; திரையில் பெருமாள் மலை இருந்தால் விமானம் அதில்தான் மோதும்.

இத்தோடு கட்டுரை முடிந்துவிடும் என்பதால் கொள்கைகள் தேவைப்படுகின்றன.

முதலாவது பனிமூட்டக் கொள்கை: 2,100 மீட்டர் உயரத்து ஈரமே காரணம். பனியே இல்லாத பழனி அடிவாரத்திலும் விலகுகிறதே என்றால், அங்கே பனி உள்ளுறையாக இருக்கிறதாம்.

இரண்டாவது குறிஞ்சிக் கொள்கை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கொருமுறை பூப்பதால் அளவீடும் அப்படியே போதும் என்பது இதன் துணிபு. 2006 பூப்பில் சரிசெய்த ஸ்டிக் 2018 பூப்பில் விலகியிருந்தது சான்று. அது 2007இலேயே விலகிவிட்டதைக் காட்டினால், அந்த ஆண்டு இடைச்செருகல் என்று தள்ளப்படும். மூலபாடம் தெளிய 2030 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நிதி வேண்டும்.

மூன்றாவது, சூரியக் கரும்புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கொடைக்கானல் ஆய்வகத்தில் கண்டதால், மையம் விட்டு ஓடுவதெல்லாம் இம்மலைக்கே உரியது என்பது. முனைவர் பட்டத்துக்கு இது போதும்.

இனிச் சரிசெய்தல். முதலில் ட்ரிம் சக்கரம், பிறகு கணினியில் அளவீடு. குளிரில் அவசரப்படாமல், கருவி சூடேறிய பின் செய்க. வாயால் ஊதக் கூடாது, எச்சில் சேரும். திறந்து, பாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, பிடியை நாலாபக்கமும் சுழற்றினால் பெரும்பாலும் தீரும். தடமே தேய்ந்திருந்தால் பாட்டை மாற்ற வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது பெரும்பாலும் ‘ஏ’ என்று அடித்த லாக் வகை. முள் நடுவில் நின்றாலும் பாதித் தடை வராது. ‘பி’ என்று அடித்த 100 கே லீனியரைக் கேட்டு வாங்குக. ‘ஏ’ போட்டு மாட்டிய ஸ்டிக்குகளுக்கு நான்காவது கொள்கை அச்சில் இருக்கிறது.