கணக்கு கப்பலேறுகிறது

பெறுநர்:
விலை நிர்ணயத் துறைத் தலைவர்கள்,
சொகுசுக் கப்பல் நிறுவனங்கள்,
மயாமி, ஃபுளோரிடா.

நகல்: ஜெனீவாவிலிருந்து கப்பல் விடும் எம்எஸ்சி நிறுவனத்தாருக்கு.

பொருள்: ஏழு இரவுப் பயணத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அறிய அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள தொகை, அதன் அடியில் பொடி எழுத்தில் உள்ள மீதி.

ஐயா / அம்மையீர்,

வங்கித் தணிக்கைத் துறையில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். இப்போது ஹூஸ்டனில் மகள் வீட்டில் வாசம். பக்கத்தில் கால்வெஸ்டன் துறைமுகம். அங்கிருந்து மெக்சிகோவின் கோசுமல் தீவுவரை போய்வர உங்களில் பலர் கப்பல் விடுகிறீர்கள். "மாமா, கணக்குல உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தக் கப்பல் லாபம்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க" என்று மாப்பிள்ளை பொறுப்பை என் தலையில் வைத்தார். நாங்கள் இருவர், அவர்கள் இருவர், பேரன், பேத்தி என்று ஆறு தலை, ஏழு இரவு. கூட்டுறவுச் சங்கப் பேரேடுகளையே பார்த்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் நன்றி. உங்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதும் வேலையை மிச்சப்படுத்தினீர்கள். கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் மூன்றுக்கும் தலைமையகம் மயாமி வட்டாரத்தில்தான். போட்டி நிறுவனங்கள் என்று நான் நீளமாகப் பட்டியல் போட்டிருந்தேன். பார்த்தால், பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, குனார்ட், கோஸ்டா எல்லாம் கார்னிவல் வீட்டுப் பிள்ளைகள். செலிபிரிட்டியும் சில்வர்சீயும் ராயல் கரீபியன் குடும்பம். ஓஷியானியாவும் ரீஜென்ட்டும் நார்வீஜியன் குடும்பம். 1972இல் கார்னிவலைத் தொடங்கிய டெட் ஆரிசனே, அதற்குமுன் நார்வீஜியனைக் கூட்டாகத் தொடங்கியவர். பங்காளிகள் ஆளுக்கொரு தெருவில் கடை போட்டதைப் போட்டி என்று எண்ணி நான் பட்டியலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து தள்ளுபடி. இரண்டாம் பயணிக்கு 60 விழுக்காடு குறைப்பு என்கிறீர்கள். முதல் பயணி முழு விலை கட்டுவதால் ஆளுக்கு 30 என்று ஆகிறது. சரி, எந்த விலையிலிருந்து 30? அந்த மூல விலையைக் கொடுத்துக் கப்பலேறிய மனிதர் ஒருவரையாவது சாட்சிக்குக் காட்ட முடியுமா என்று தணிக்கையாளனாகக் கேட்கிறேன். ஊரில் ஜவுளிக்கடைக்காரர் ஆவணி பிறந்தால் ஆடித் தள்ளுபடிப் பலகையைக் கழற்றிவிடுவார். உங்கள் பஞ்சாங்கத்தில் ஆடி முடிந்தால் அடுத்ததும் ஆடிதான்.

குழந்தைகளுக்கு இலவசம் என்ற அறிவிப்பைப் பார்த்து மகள் மகிழ்ந்தாள். ஒரே அறையில் தங்கும் மூன்றாம், நான்காம் பயணிக்குக் கட்டணமில்லை என்பது உண்மைதான். ஆனால் இலவசப் பேரனுக்கும் வரி உண்டு, துறைமுகக் கட்டணம் உண்டு, டிப்ஸும் உண்டு. இந்த டிப்ஸ் உங்களில் பலரிடம் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை போகிறது. 18 என்றே வைத்துக்கொண்டால் எங்கள் ஆறு பேருக்கு ஏழு நாளில் 756 டாலர். அறையைத் துடைப்பவருக்கும் சோறு பரிமாறுபவருக்கும் போய்ச் சேரட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்கள் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இதுதான் என்றால் அது ஏன் கட்டணத்துக்குள் வரவில்லை? விருப்பமில்லாதவர்கள் வரவேற்பு மேசையில் சொல்லி நீக்கிக்கொள்ளலாமாம். அதாவது, கடைசி நாள் எல்லோர் முன்னாலும் வரிசையில் நின்று, "அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்று சொல்ல வேண்டும். மான அவமானத்தையும் விலை நிர்ணயத்தில் சேர்த்த உங்கள் நுட்பத்துக்கு என் வணக்கம்.

பானப் பேக்கேஜுக்கு வருகிறேன். ஓர் அறையில் ஒரு பெரியவர் மது பேக்கேஜ் வாங்கினால், அங்குள்ள மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்பது கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும் விதி. என் மனைவிக்குத் தெரிந்த ஒரே போதை டிகாக்‌ஷன் காபி. நான் ஒரு பியருக்கு ஆசைப்பட்டுப் பேக்கேஜ் எடுத்தால் அவளும் எடுக்க வேண்டும். தாம்பத்தியத்தை இவ்வளவு கண்டிப்பாக எங்கள் ஊர்ப் புரோகிதர்கள்கூட வலியுறுத்தியதில்லை. கார்னிவலில் நாளுக்கு 15 மது பானங்கள் என்று உச்சவரம்பும் உண்டு. விழித்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், ஏறத்தாழ மணிக்கு ஒன்று. இதைக் கட்டுப்பாடு என்பதா, கடமை என்பதா?

நார்வீஜியனோ பானத்தை இலவசமாகவே தந்து பெயர் வாங்கியது. அந்த இலவசப் பேக்கேஜுக்கு 20 விழுக்காடு சேவைக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே கட்ட வேண்டும். எதில் 20 விழுக்காடு? இலவசமாக இல்லாதிருந்தால் அதற்கு என்ன விலையோ, அதில். பூஜ்யத்தில் 20 விழுக்காடு இவ்வளவு பெரிய தொகையாக வரும் பேரேட்டை என் பணிக்காலத்தில் பார்த்திருந்தால் அன்றே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருப்பேன்.

அறை விஷயத்திலும் உங்கள் கற்பனைக்கு எல்லையில்லை. ஜன்னலில்லாத உள்ளறை மலிவு, பால்கனி விலை அதிகம், இதுவரை புரிந்தது. ராயல் கரீபியன் தன் நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ் கப்பலில், உள்ளறைச் சுவரில் 80 அங்குலத் திரை மாட்டி, வெளியே உள்ள கடலை அதில் காட்டி, மெய்நிகர் பால்கனி என்று பெயர் வைத்தது. கடலுக்கு நடுவே, கடல்மேல் மிதந்துகொண்டு, கடலை டிவியில் பார்க்கலாம். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவர் கட்டணம் கட்ட வேண்டும் என்பது உங்கள் பொது வழக்கம். 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் அவர்கள்மேல் இரக்கப்பட்டு 100 சதுர அடியில் ஒற்றை அறைகள் கட்டியது. அந்தப் பக்கம் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கு வைத்துவிட்டு, மூன்றாவது நான்காவது ஆளையும் ஏற்றி, கப்பல் 100 விழுக்காட்டுக்கு மேல் நிறைந்தது என்று பங்குச் சந்தைக்கு அறிவிக்கிறீர்கள். எங்கள் ஊர் டவுன் பஸ் நடத்துநருக்கு மட்டுமே தெரிந்த அந்தக் கணிதம் உங்களுக்கும் தெரிந்திருப்பதில் மகிழ்ச்சி.

இறங்கும் ஊரில் பயணிகள் செலவு செய்துவிடுவார்களோ என்று ஊரையே நீங்கள் தயாரிக்கிறீர்கள். பஹாமாஸில் கோகோகே தீவுக்கு ராயல் கரீபியன் 250 மில்லியன் டாலர் செலவழித்தது. கடற்கரை இலவசம். நீர் விளையாட்டுப் பூங்காவுக்குத் தனிச் சீட்டு, அதன் விலையும் நாளுக்கு ஒன்று. கப்பலை விட்டு இறங்கினேன் என்று பயணி நினைக்கலாம். உங்கள் கல்லாவை விட்டு அவர் இறங்கவேயில்லை.

எல்லாம் உள்ளடங்கிய கப்பல்களும் உண்டு என்பீர்கள். உண்டு. ரீஜென்ட்டில் மது, டிப்ஸ், கரைச் சுற்றுலா எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். வைக்கிங்கில் ஊருக்கு ஒரு சுற்றுலா அடக்கம், மதியமும் இரவும் சாப்பாட்டோடு ஒயின், பியர் அடக்கம். சூதாட்டக்கூடமும் இல்லை, 18 வயதுக்குக் கீழ் அனுமதியும் இல்லை. முகப்பு விலை கண்ணைப் பிடுங்கினாலும், மற்றவர்களின் சில்லறைப் பட்டியலை அடிவரை கூட்டினால் இடைவெளி பார்த்த அளவுக்கு இல்லை. ஆனால் எல்லாம் அடங்கிய கப்பலில், குடிக்காத, கரையில் தானே நடந்து சுற்றிவிடுகிற என் போன்றவன் அடுத்தவர் ஒயினுக்கும் சேர்த்துக் கட்டுகிறான். மலிவுக் கப்பலில் ஜூஸ், வைஃபை, தனி உணவகம் என்று ஆசைப்படுகிறவர் அங்குலம் அங்குலமாகக் கட்டுகிறார். எனவே எந்தக் கப்பல் லாபம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. போகிறவரின் பழக்கத்தைச் சேர்த்துக் கூட்டினால்தான் பதில் வரும். அந்தக் கூட்டலைத்தான் பதிவு செய்யும் பக்கத்தில் நீங்கள் செய்யவிடுவதில்லை.

இங்கே கலிபோர்னியா மாநிலத்தைக் கைகூப்பி வணங்குகிறேன். 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே காட்ட வேண்டும் என்று அது சட்டம் கொண்டுவந்ததும், வரியும் துறைமுகக் கட்டணமும் உங்கள் பெரிய எழுத்துக்குள் வந்து சேர்ந்தன, அதுவும் அமெரிக்கா முழுவதற்கும். அதுவரை முடியாமல் இருந்த கூட்டல் ஒரே நாளில் முடிந்துவிட்டது. டிப்ஸ் மட்டும் இன்னும் பொடி எழுத்திலேயே பயணம் செய்கிறது.

உங்களுக்குக் கூட்டத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கார்னிவல் குழுமத்தின் 2023 கணக்கை வாசித்தேன். மொத்த வருவாய் ஏறத்தாழ 21.6 பில்லியன் டாலர். அதில் டிக்கெட் 14.1 பில்லியன். மீதி 7.5 பில்லியன் பெரும்பாலும் கப்பலுக்குள் செலவழித்தது. ஆக மூன்று டாலரில் ஒரு டாலர் உங்கள் முகப்பு விலைக்கு வெளியே இருக்கிறது. ஒரு படுக்கை ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதித்தது என்று காலாண்டுதோறும் கணக்கிட்டு முதலீட்டாளர்களுக்குச் சொல்கிறீர்கள். அவர்கள் அதை வைத்து உங்களை ஒருவரோடொருவர் ஒப்பிடவும் செய்கிறார்கள். மாப்பிள்ளை என்னிடம் கேட்டதும் அந்த ஒப்பீட்டைத்தான்.

ஆகவே, எங்களைப் போல ஆறு பேர் இறங்கும்போது சராசரியாக எவ்வளவு கட்டியிருப்பார்கள் என்ற ஒரே ஒரு எண்ணை முகப்பு விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளன்

பின்குறிப்பு: பதில் வரும்வரை மாற்று ஏற்பாடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். கார்னிவலில் 100 பங்கு வைத்திருந்தால், ஏழு நாள் பயணத்தில் கப்பல் செலவுக்கு 100 டாலர் தருவார்களாம், ஆண்டறிக்கையும் வீடு தேடி வரும். மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்: டிக்கெட் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கம்பெனியை வாங்குவோம். விலை தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.