கொல்லையில் ஒரு வீடு வைக்க அனுமதி வேண்டி

பெறுநர்: திட்டமிடல் துறையினர், கலிஃபோர்னியாவில் ஒரு நகராட்சி (ஊர்ப் பெயர் வேண்டாம், பொருந்துகிற ஊர்கள் எடுத்துக்கொள்ளட்டும்)

பொருள்: ஆயத்த வீடு – கொல்லையில் நிறுவுதல் – தாமதத்துக்குப் பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: திருத்தம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய கடிதங்கள் அனைத்தும்.

மதிப்புக்குரியீர்,

மனுதாரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தொழிற்சாலையில் கட்டி முடித்து லாரியில் வரும் 600 சதுர அடி வீடு ஒன்றைத் தம் கொல்லையில் இறக்கிக் குடியேறிவிட்டு, பெரிய வீட்டை மகள் குடும்பத்துக்கு விட நினைக்கிறார். இந்த விபரீத ஆசையை அவருக்கு ஊட்டியது மாநிலச் சட்டமன்றம். 2016 தொடங்கிக் கொல்லை வீடுகளுக்காக அது சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. பக்கவாட்டிலும் பின்னாலும் நான்கடி விட்டால் போதும். 750 சதுர அடிக்குக் குறைந்தால் வளர்ச்சிக் கட்டணம் இல்லை. பொது விசாரணை இல்லை. 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும்.

அந்த 60 நாள், விண்ணப்பம் முழுமையாக வந்து சேர்ந்த பிறகே ஓடத் தொடங்கும். இந்த நுட்பத்தைத் தாங்கள் கையாளும் அழகைப் பாராட்டவே இக்கடிதம். முதலில் வரைபடத்தில் வடக்குக் குறி இல்லை என்றீர்கள். போட்டார். பிறகு எலுமிச்சை மரத்தின் சுற்றளவு கேட்டீர்கள். அளந்தார். அடுத்து, குளியலறைக் குழாயின் விட்டம்.

இங்கேதான் மனுதாரர் கொஞ்சம் தயங்கினார். கலிஃபோர்னியாவில் தொழிற்சாலை வீட்டின் உள்வேலையைச் சரிபார்த்து முத்திரை ஒட்டுவது மாநில வீட்டுவசதித் துறையின் பொறுப்பு. நகராட்சிக்கு எஞ்சுவது மனை, அஸ்திவாரம், கழிவுநீர், மின் இணைப்பு ஆகியவைதான். மூடிய சுவருக்குள் இருக்கும் குழாயைப் பற்றிக் கவலைப்படுவது கடமைக்கு மீறிய அன்பு.

"தொழிற்சாலை வீடு இத்தெருவின் இயல்புக்குப் பொருந்தாது" என்றும் ஓர் அலுவலர் குறித்திருக்கிறார். சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை, மரமும் ஆணியுமாக வீடுகளை விலைப்பட்டியல் வழியே விற்று ரயிலில் அனுப்பிய நாடு இது. இயல்பு, தோற்றம், ரசனை என்று அளக்க முடியாத காரணங்களைக் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த அலுவலருக்கு யாராவது ஒரு பிரதி கொடுத்தால் நல்லது.

இதைவிடத் துணிச்சலான முன்னுதாரணமும் உண்டு. 2022-இல், ஒற்றை வீட்டு மனையில் இரட்டை வீடு கட்டவிடும் புதிய சட்டத்திலிருந்து தப்ப, சிலிக்கான் பள்ளத்தாக்கின் பணக்கார ஊரான வுட்சைட், ஊர் முழுவதுமே மலைச்சிங்கத்தின் வாழிடம் என்று அறிவித்தது. சிங்கங்களிடம் கருத்துக் கேட்டதாகத் தகவல் இல்லை. மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போண்டா கடிதம் எழுதியதும் ஊர் பின்வாங்கியது. எலுமிச்சை மரத்தோடு நிறுத்திக்கொண்ட தங்கள் அடக்கம் போற்றத்தக்கது.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். தவறெல்லாம் தங்களுடையதல்ல. ஆயத்த வீட்டு நிறுவனங்கள் பல, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெட்டியின் விலையை மட்டுமே. அஸ்திவாரம், தெரு வரைக்குமான பள்ளம், 100 ஆம்பியர் பேனலை 200-க்கு மாற்றுவது, வீட்டுக் கூரைக்கு மேலாகப் பெட்டியைத் தூக்கும் கிரேன் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வீடு சீக்கிரம் தயாராகிவிடும். மண்ணும் மின்கம்பியும்தான் தாமதம்.

கடைசியாக ஒரு சந்தேகம். அகலமான சுமை நெடுஞ்சாலையில் வர மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ் அனுமதி தரும். ஊர்த்தெருவுக்குத் தாங்கள் தர வேண்டும். கிரேன் நிற்பதற்குத் தெருவை அரை நாள் மூட எந்த மேசையில் மனுக் கொடுப்பது? கிரேனுக்கு நாள் வாடகை என்பதால், பதில் வாடகைத் தேதிக்கு முன்பே வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மனுதாரரின் அண்டைவீட்டார்
(ஆட்சேபம் ஏதும் இல்லாதவர்)