மயில்கழுத்து நிறத்தில் மூச்சு

திருச்சியில் கடல் கிடையாது. கோடையில் காவிரியில் கிரிக்கெட் ஆடலாம். ஆனாலும் கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் டைட்டானியம் ஸ்கூபா ரெகுலேட்டர் வைத்திருப்பவர் இங்கேயும் உண்டு. எப்போதாவது புதுச்சேரிக்குப் போய் முங்கிவிட்டு வருவார். மற்ற நாளெல்லாம் துடைப்பார்.

டைட்டானியம் கடல்நீரில் அரிக்காது, பித்தளையைவிட லேசு. எல்லாம் சரி. ஆனால் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்றை ரெகுலேட்டரின் முதல் நிலை ஏறக்குறைய 10 பாருக்கு இறக்கி அனுப்பும்போது, கசியாமல் காப்பது ரப்பர் ஓ-ரிங்கும் துளி சிலிகான் கிரீஸும்தான். அதை மாற்றச் சொன்னால் "பார்க்கலாம்" என்பார். அவர் கவலையெல்லாம் நிறம். மின்சாரம் பாய்ச்சினால், மேலே படரும் ஆக்சைடின் தடிமனுக்கேற்ப டைட்டானியம் சாயமே இல்லாமல் பொன்னாகும், ஊதாவாகும். இவருக்கு மயில்கழுத்து நிறம் வேண்டுமாம். ஆக்சிஜன் 40 சதவீதத்தைத் தாண்டிய கலவையில் டைட்டானியம் தீப்பற்றும் அபாயம் உண்டு என்ற எச்சரிக்கைப் பக்கத்தை மட்டும் இன்னும் புரட்டவில்லை. வீட்டு கேஸ் அடுப்பின் டியூப் காலாவதியாகியும் அப்படித்தான் கிடக்கிறது.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால்வைத்து, மூச்சடக்கி இறங்கினார்கள். அந்தக் கல்லுக்கு யாரும் வருடாந்திர சர்வீஸ் கேட்டதில்லை.

ஒருவழியாக ஓ-ரிங் தேடி காந்தி மார்க்கெட் பக்கம் போனார்.

"எந்தக் குக்கருக்கு சார்?"

"குக்கர் இல்லீங்க. இது தண்ணிக்கடியில போறது."

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா? சப்மெர்சிபிள்! எத்தனை ஹெச்.பி.?"