அப்பாதாசர் இலக்கணம்

நாற்பது வயதைக் கடந்த தமிழ் ஆண்களில் ஒரு சாரார், அதுவரை கூடத்துச் சாய்வு நாற்காலியின் ஓர் உறுப்பாகவே கருதிவந்த தம் தகப்பனாரை ஒரு நாள் திடீரென்று மாமனிதராகக் கண்டுகொண்டு, அந்தக் கண்டுபிடிப்பை அலுவலகத் தேநீர் இடைவேளையிலும், ரயில் பயணத்திலும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் பரப்பத் தொடங்குகின்றனர். பாரதிதாசன், கம்பதாசன் என்று பெயர் சூடிக்கொண்ட கவிஞர்களின் மரபையொட்டி இவர்களை அப்பாதாசர் என்று அழைப்பது பொருந்தும். தந்தையை மதிக்கும் மற்ற மக்களிடமிருந்து அப்பாதாசரைப் பிரித்தறிய ஓர் அடையாளம் போதும்: தந்தையின் பெருமையை உலகத்தார் அனைவரிடமும் பேசும் அவர், தந்தையிடம் மட்டும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதற்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று. மரபும் அவர் பக்கமே நிற்கிறது. திருக்குறளின் ஏழாம் அதிகாரமாகிய மக்கட்பேறு, மகனைக் கற்றோர் அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்றும், இப்படியொரு பிள்ளையைப் பெற இவன் தகப்பன் என்ன தவம் செய்தானோ என்று ஊரார் வியக்கும்படி நடந்துகொள்வது மகனின் கைம்மாறு என்றும் வகுத்துச் சொல்கிறது. தாய்க்கும் அங்கே மகிழ்ச்சி வருவது, மகன் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும்போதுதான். ஆக, வள்ளுவர் காட்டும் குடும்பத்தில் பாராட்டு எதுவும் நேரடியாகக் கைமாறுவதில்லை. எல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேர்கிறது. அப்பாதாசர் திருக்குறளில் தோய்ந்தவர் அல்லர் எனினும், இந்த ஒரு பகுதியை மட்டும் பிசகாமல் பின்பற்றுகிறார்.

எந்த ஆணும் நேரே அப்பாதாசர் ஆகிவிடுவதில்லை. அதற்கு முன் இரண்டு பருவங்களைக் கடந்தாக வேண்டும். முதலாவது தூதுப் பருவம். பள்ளிச் சுற்றுலாவுக்கான பணம், அறுந்த செருப்பு, கணக்குப் பாடத்தில் பெற்ற முப்பத்தெட்டு மதிப்பெண் ஆகிய எதுவாயினும் அம்மாவின் வழியாகவே அப்பாவைச் சென்றடையும். அதற்குரிய பதிலும், “ஒழுங்காப் படிக்கச் சொல்லு” என்று, இரண்டடி தள்ளி நிற்கும் மகனின் காதில் விழும்படி அம்மாவிடமே வழங்கப்படும். இரண்டாவது தகப்பன்சாமிப் பருவம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில், பிரணவத்தின் பொருளைத் தந்தையாகிய சிவனுக்கே குருவாக இருந்து உபதேசித்ததால் முருகனுக்குத் தகப்பன்சாமி என்ற பெயர் வழங்குகிறது. அப்பாதாசரும் இருபது வயது தொடங்கி முப்பத்தைந்து வரை இந்தக் குருபீடத்தில் அமர்ந்திருந்தவரே. ஏ.டி.எம். அட்டையை எந்தப் பக்கமாகச் செருக வேண்டும், மின்கட்டணத்தை வரிசையில் நிற்காமல் எப்படிச் செலுத்த வேண்டும், பணத்தையெல்லாம் அஞ்சலகத்தில் முடக்கிவைப்பது எத்தகைய அறியாமை என்று அவர் உபதேசித்த பொருள்கள் பல. சுவாமிமலையில் சிவபெருமான் பணிந்து கேட்டார். இங்கே தந்தை செய்தித்தாளைக் கீழே இறக்காமலே கேட்டார் என்பதுதான் வேறுபாடு.

ஞானோதயம் பெரும்பாலும் ஒரு மாதக் கடைசியில் நிகழ்கிறது. வீட்டுக்கடன் தவணை, கார்க்கடன் தவணை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அடுக்ககத்தின் பராமரிப்புத் தொகை ஆகியவை போக மிஞ்சியதை அப்பாதாசர் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், மின்வாரியத்தில் கணக்கராக இருந்த தகப்பனார் ஒற்றைச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்து, ஊரில் ஒரு வீட்டையும் கட்டியது எப்படி என்ற கேள்வி முதன்முறையாக எழுகிறது. அன்றைய சம்பளத்தையும் இன்றைய விலைவாசியையும் வைத்துப் பெருக்கியும் வகுத்தும் பார்த்து, விடை வராமற்போகவே, அவர் ஓர் அவதாரம் என்று முடிவு கட்டுகிறார். அப்பாதாசர் அரசு ஊழியராகவும் இருந்துவிட்டால் பக்தி இரட்டிப்பாகும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்கு, ஊழியரின் சம்பளத்திலும் பிடித்தம் செய்து சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. தந்தையோ, விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படியோடு மாதந்தோறும் தொகை பெறும் பழைய ஓய்வூதியக்காரர். அவர் மத்திய அரசில் ஓய்வு பெற்றவராயின், 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும் என்பதும், அது படிப்படியாக உயர்ந்து 100 வயதில் முழுதாக இரட்டிப்பாகும் என்பதும் மகனுக்கு மனப்பாடம். ஆயினும், தந்தையின் காலை நடைப்பயிற்சியில் அவர் காட்டும் அக்கறையைத் தூய பாசம் என்றே கொள்ள வேண்டும். ஆராய்ச்சியாளர் அவ்விடத்தில் மேலும் தோண்டாதிருப்பது நாகரிகம்.

இந்தக் கணக்கில் விடை வராமற்போவதற்குக் காரணம், அப்பாதாசர்கள் ஏறக்குறைய அனைவருமே ஒரு வரவினத்தை விட்டுவிடுவதுதான். வருங்கால வைப்புநிதிக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், பலர் மாதந்தோறும் சமமாகப் பணம் போட அதிகத் தள்ளுபடிக்குச் சம்மதிப்பவர் அம்மாதத் தொகையை எடுத்துக்கொள்ளும் ஏலச்சீட்டு ஆகியவற்றோடு, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியும் அந்தக் குடும்பத்தின் நிதி ஆதாரங்களில் ஒன்றாக இருந்தது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அது அடகுக்குப் போகும்; பொங்கல் போனஸ் வந்த பின் மீண்டுவரும்; இரண்டு கல்யாணங்களில் கலந்துகொண்டுவிட்டு மறுபடியும் ஜூனில் போகும். கழுத்தில் இருந்ததைவிட அது வங்கிப் பெட்டகத்தில் இருந்த காலமே அதிகம். எதிர்பாராமல் வந்த விருந்தாளியை இருந்த சாம்பாரில் வெந்நீர் சேர்த்துச் சமாளித்ததும், பெரியவன் சட்டையைப் பிடித்துத் தைத்துச் சின்னவனுக்குப் போட்டதும்கூட அப்பாவின் நிர்வாகத் திறன் என்ற தலைப்பின்கீழ்தான் வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் தியாகம் என்ற ஒற்றைச் சொல்லோடு அப்பாதாசர்கள் நிறுத்திக்கொள்வதால், சங்கிலியின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. இவர்களின் புலமையில் உள்ள பெரிய ஓட்டை இதுவே.

பக்தி முற்றியதன் அறிகுறிகளை முதலில் கவனிப்பவர் மனைவி. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழல்வதைக் கண்டு “யாருக்குக் காத்து வாங்குது இது?” என்று கணவர் கேட்கும் தொனியில் மாமனாரின் குரல் அப்படியே ஒலிக்கிறது. இரவு ஒன்பதரை மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே பெட்டிகள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. எந்தப் பொருளிலிருந்து கழன்றவை என்றே தெரியாத திருகாணிகள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்கின்றன. முன்பு தந்தையிடம் இருந்தபோது இவையெல்லாம் கஞ்சத்தனம், பதற்றம், குப்பை எனப்பட்டன. மகனிடம் வந்த பின் சிக்கனம், முன்யோசனை, சேகரிப்பு என்று பெயர் மாறிவிட்டன. “மாமாவே தேவலாம். அவராவது ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடுவார்” என்பது மனைவியின் தீர்ப்பு. அப்பாதாசர் அதையும் தந்தைக்குக் கிடைத்த நற்சான்றாகவே எடுத்துக்கொள்கிறார்.

இத்தகைய பக்தர் தந்தையோடு தொலைபேசியில் நடத்தும் உரையாடல் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. “சாப்ட்டாச்சா?” “ஆச்சுப்பா. நீங்க?” “ஆச்சு. அங்க மழை உண்டா?” “இல்லப்பா.” “சரி, இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்.” இவ்வளவே. தாம் பட்ட நன்றிக்கடனை இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து அழைப்பவர்கூட, கடைசி நொடியில் “பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டுத் தப்பித்துக்கொள்கிறார். அரிதாக எவரேனும் துணிந்து, “நீங்க அன்னைக்கு எங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்கப்பா” என்று சொல்லிவிட்டால், மறுமுனையில் சிறிது நேரம் பேச்சிருக்காது, பிறகு, “ஏண்டா, பணம் கிணம் எதுவும் வேணுமா?” என்ற கேள்வி வரும். அதற்கும் இல்லை என்று பதில் சொன்னால், தொலைபேசி அம்மாவின் கைக்கு மாறும்போதே, “ஆபீஸ்ல ஏதோ பிரச்சினை போலிருக்கு, என்னன்னு கேளு” என்ற குரல் பின்னணியில் கேட்கும்.

ஜூன் மாத மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாதாசருக்கு எங்கிருந்தோ துணிச்சல் பிறக்கிறது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், மனைவியை இழந்த பின் ஆறு பிள்ளைகளை வளர்த்த தம் தந்தையைச் சிறப்பிக்க விரும்பிய சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணியின் முயற்சியால் 1910 ஜூன் 19 அன்று கொண்டாடப்பட்டு, 1972-இல் நிக்சன் அதிபராக இருந்தபோது சட்டப்படி நிலைபெற்ற தந்தையர் தினம், தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தது. தந்தைக்குரிய நாட்கள் இங்கே ஏற்கெனவே இருந்தன. ஆனால் ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் மறைந்தவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாட்கள். உயிரோடிருக்கும் தந்தைக்கு 60 வயது நிறைவில் மணிவிழா, 80-இல் சதாபிஷேகம் என்று இரண்டு வாய்ப்புகளே பெரிதாக உண்டு. அவற்றிலும், திருக்கடையூருக்கு எத்தனை வேன் பேசுவது, யார் யாருக்குத் துணி எடுப்பது என்ற அலைச்சலில் நாயகரைப் பாராட்ட எவருக்கும் ஒழிவதில்லை.

இந்தப் பின்னணியை எண்ணிப் பாராமல், பெரிய காலர் சட்டையில் தந்தை விறைப்பாக நிற்கும் பழைய கறுப்பு வெள்ளை ஸ்டூடியோப் படம் ஒன்றை அப்பாதாசர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, கீழே “என் தெய்வம்” என்று எழுதிவிடுகிறார். காலை எட்டு மணிக்குள் தூரத்து உறவினர் நால்வரிடமிருந்து கைகூப்பும் சின்னங்கள் வந்துவிடுகின்றன. பள்ளித் தோழர் ஒருவர், “எப்ப எடுக்கறீங்க?” என்று கேட்கிறார். திண்டுக்கல் பெரியப்பா வேட்டி மாற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்ப, அவரைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு தந்தையின் தலையிலேயே விழுகிறது. “அண்ணே, நான்தான் பேசறேன். இருக்கேன்” என்று அவர் மூன்று முறை சொன்ன பிறகே பெரியப்பா நம்புகிறார். மகனுக்கு இதுபற்றிக் கோபமாக ஒரு சொல்லும் வருவதில்லை, வழக்கமான தூதர் வாயிலாக ஒரு கோரிக்கை மட்டும் வந்து சேர்கிறது: “அடுத்த வருஷம் போடறதா இருந்தா, கலர் படமா, சிரிக்கிற மாதிரி போடச் சொல்லு.”

பரிசுப் பொருள்களின் கதி தனி. தந்தைக்கு எடுத்துத் தரும் சட்டையின் விலையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துச் சொல்வது அப்பாதாசர்களிடையே நிலைத்த வழக்கம்; உண்மை விலையைச் சொன்னால் சட்டை கடைக்கே திரும்பிப் போய்விடும் என்ற அச்சமே காரணம். குறைத்துச் சொன்னாலோ, “பரவாயில்லையே, எதிர்வீட்டு சாருக்கும் இதே மாதிரி ரெண்டு எடுத்தனுப்பு, பணம் தந்துடுவார்” என்ற உத்தரவு மறுநாளே வரும். பாசத்துக்கான செலவு இவ்வாறு எதிர்வீடு வரை நீள்கிறது. சட்டையோ, அட்டையும் குண்டூசியும் கலையாமல், ஏதோ ஒரு நல்ல நாளை எதிர்பார்த்து பீரோவில் காத்திருக்கிறது.

மகள்களை இந்த ஆய்வில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அவர்களுக்குத் தந்தையை நாற்பதில் கண்டுபிடிக்கும் தேவை எழுவதில்லை. சிறுமியாக இருந்தபோதே கண்டுபிடித்துவிட்டதால், அவரை நேருக்கு நேர் திட்டும் உரிமையையும் அப்போதே பெற்றுவிடுகின்றனர். அண்ணன் பந்தியில் தந்தையின் எளிமையைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, கிழிந்த பனியனோடு வாசலில் நின்றதற்காகத் தங்கை அவரை அடுக்களையில் வைத்து வறுத்தெடுத்துக்கொண்டிருப்பாள். தந்தை எந்த இடத்தில் அதிக மகிழ்ச்சியோடு இருக்கிறார் என்பது பார்த்தாலே தெரியும்.

இனி எஞ்சியிருப்பவர் வெளிநாடுவாழ் அப்பாதாசர். டாலஸிலோ டொரண்டோவிலோ இருக்கும் இவர், பக்தியைக் கருவிகளின் வழியாகச் செலுத்துபவர். இரத்த அழுத்தமானி, அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஆகியவற்றுக்குப் பின், தந்தை நலமாக நடமாடுவதைக் கண்ணாரக் காண்பதற்கென்று ஊர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தச் செய்கிறார். தந்தை முதல் வாரம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே சட்டை அணிந்து நடமாடுகிறார். இரண்டாம் வாரம் கேமராவின்மீது ஒரு துண்டு விழுகிறது. அதன்பின் எலக்ட்ரீஷியன் ஒருவர் வரவழைக்கப்பட்டு, தேங்காய்க் களவைத் தடுக்கும் பொருட்டு, கேமரா கொல்லைப்புறத்துத் தென்னையை நோக்கித் திருப்பப்படுகிறது. அன்று முதல் கடல்கடந்த அப்பாதாசர் தந்தையைக் காண விழைந்து கைப்பேசியைத் திறக்கும்போதெல்லாம் தென்னை மரத்தையே காண்கிறார். வேறு வழியின்றி அதையே கவனிக்கவும் தொடங்குகிறார். “அப்பா, ரெண்டாவது குலை முத்திடுச்சு போலிருக்கே?” “முத்தலடா, இன்னும் இருபது நாள் போகணும். அதுக்கு மேல ஒரு மட்டை காஞ்சு தொங்குது பாரு, தெரியுதா?” “தெரியுதுப்பா. அணில் கடிச்ச காய் ஒண்ணு இருக்கு.” “எந்தப் பக்கம்?” இப்படி இருபது நிமிடங்கள் கடந்தும் தொலைபேசி கைமாறாததைக் கண்டு, அதை வாங்கிக்கொள்ள அருகில் வந்து நின்ற அம்மா, “மரம் ஏற வர்றவனுக்குக் கூலியையும் அந்தக் கேமரா வழியாவே அனுப்பச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குத் திரும்புகிறார்.